கையில் ஐந்து லட்சம், வீட்டில் விழித்திரை நோய்: எதை முதலில் செய்வது?

தாளடி அறுத்தாயிற்று. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கூட்டுறவு சங்கக் கடனைக் கட்டி, அடகில் இருந்த நகையை மீட்ட பிறகும் ஒரு தொகை மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது இரண்டு மா நிலத்தை விற்ற பணம். கணக்குக்கு ஐந்து லட்சம் என்று கொள்வோம். வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பரம்பரை விழித்திரை நோய். இந்தப் பணத்தை எதில் போடுவது?

இந்தக் கேள்வியோடு தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து என்னிடம் பேசுகிறவர்கள் இரண்டு செய்திகளை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். ஒன்று, "அமெரிக்காவில் ஒரே ஊசியில் கண் தெரிகிறதாம்." இன்னொன்று, "இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, போய்விட்டு வாருங்கள்." இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டையும் அப்படியே நம்பினால் பணமும் போகும், கண்ணும் போகும்.

நான் டாக்டர் இல்லை. அக்கா மகனுக்கு இந்த நோய் இருப்பதால், படித்தும் கேட்டும் விஷயம் சேர்த்தவன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சிகிச்சை உசத்தி என்ற பேச்சு அப்புறம். எதை முதலில் செய்வது என்பதில்தான் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. பின்னால் வரக்கூடிய வழியை அடைக்காத செலவை முதலில் செய்யுங்கள். அடைத்துவிடக்கூடிய எதையும் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அக்கா மகனுக்கு இருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. ஆஸ்பத்திரியில் ஆர்.பி. என்பார்கள். உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. முதலில் இருட்டுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும், நடுப்பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஊருக்கு இது புரியாமல் போவதும் அதனால்தான். திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாளின் வரி விளம்பரம் வரை படித்துவிட்டு எழுந்தவன், நிலைப்படிக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர்க் குடத்தை உதைத்துக் கவிழ்ப்பான். பொழுது சாய்ந்த பிறகு மடை மாற்றப் போனால் வரப்பு வளைவது தெரியாமல் நேராக நாற்றங்காலுக்குள் காலை வைப்பான். "ஊசியில் நூல் கோக்கிறான், குடம் தெரியாதா? வேலைக்கு வணங்காமல் நடிக்கிறான்" என்று சொன்ன பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் போட்டார்கள். சாப்பாடாக அது நல்லதுதான். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் அதில் சரியாகும்; இது ஆகாது. ஆனால் கடையில் வாங்கும் வீரியமான வைட்டமின் ஏ மாத்திரையை டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஆர்.பி.க்கு நாள்தோறும் 15,000 யூனிட் கொடுத்தால் நோய் மெல்ல நகரும் என்று 1993ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொன்னது. பிற்பாடு அதே ஆய்வாளர்கள் சேர்த்த விவரங்களை மரபணு வாரியாகப் பிரித்து மறுபடி அலசியபோது அந்தப் பலன் தென்படவில்லை. ஏ.பி.சி.ஏ.4 என்ற மரபணு பழுதாகி வரும் ஸ்டார்கார்ட் நோயில் கூடுதல் வைட்டமின் ஏ கெடுதலே செய்யும். கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து.

ஸ்டார்கார்ட், ஆர்.பி., பிறந்த சில மாதங்களிலேயே பார்வை மங்கிப்போகும் லீபர் நோய், காதும் சேர்ந்து கேட்காமல் போகும் அஷர், கூடுதல் விரலும் உடல் பருமனும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் பார்டே-பீடில் எனப் பரம்பரை விழித்திரை நோய்க்குக் கிளைகள் பல. பின்னால் இருக்கும் மரபணுக்கள் 270க்கும் மேல். வெளியில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பேருக்குப் பழுது வெவ்வேறு மரபணுவில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

அமெரிக்க ஊசி

அந்த "ஒரே ஊசி"யின் பெயர் லக்ஸ்டர்னா. 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அனுமதித்தது. மறு ஆண்டு ஐரோப்பா. ஆர்.பி.இ.65 என்ற மரபணுவின் தாய்வழிப் பிரதி, தந்தைவழிப் பிரதி இரண்டுமே பழுதானவர்களுக்கு மட்டும் இது வேலை செய்யும். வேறு மரபணுவில் பழுது என்றால் இந்த மருந்தால் ஒரு பயனும் இல்லை. லீபர் நோயாளிகளில் ஒரு சிறு பங்கு, ஆர்.பி. நோயாளிகளில் அதைவிடச் சிறு பங்குதான் இந்த மரபணுக்காரர்கள்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். "ஊசி" என்ற சொல்லைக் கேட்டுத் தடுப்பூசி போல நினைத்துவிடுகிறார்கள். இது மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றிவிட்டு, முடியளவு மெல்லிய குழாயை விழித்திரைக்கு அடியில் செலுத்தி 0.3 மில்லி மருந்தை விடுகிறார்கள். விழித்திரை அந்த இடத்தில் கொப்புளம்போல் எழும்பிப் பிறகு படியும். மருந்துக்குள் இருப்பது ஏ.ஏ.வி. என்ற, மனிதருக்கு நோய் தராத வைரஸ். அதன் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டு நல்ல ஆர்.பி.இ.65 மரபணுவை ஏற்றியிருப்பார்கள். அது விழித்திரையின் பின்னடுக்கில் உள்ள செல்களுக்குள் புகுந்து, அங்கே தயாராகாமல் போன புரதத்தைத் தயாரிக்க வைக்கிறது. மறு கண்ணுக்குக் குறைந்தது 6 நாள் இடைவெளி. கண்ணுக்குள் விட்ட காற்றுக்குமிழி கரையும்வரை விமானம் ஏறக்கூடாது.

பலனை எப்படி அளந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை மட்டும் நம்பவில்லை. தரையில் அம்புக்குறி வரைந்து, வழியில் தடைகள் வைத்து, வெளிச்சத்தை 400 லக்ஸிலிருந்து 1 லக்ஸ் வரை படிப்படியாகக் குறைத்து நடக்கச் சொன்னார்கள். 1 லக்ஸ் என்றால் இரவு விளக்கின் வெளிச்சம். மூன்றாம் கட்ட ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 31 பேர். வயது 4 முதல் 44 வரை. மருந்து பெற்ற 20 பேரில் 13 பேர் ஓராண்டு கழித்து அந்த 1 லக்ஸில் நடந்து காட்டினார்கள். மருந்து பெறாத குழுவில் ஒருவராலும் முடியவில்லை. வரப்பில் கால் தவறும் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனையின் அருமை சொல்லாமலே புரியும். அதே சமயம், கண்ணாடியைக் கழற்றி எறிகிற அளவுக்குப் பார்வை திரும்பிவிடவில்லை. சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் விழித்திரையில் தேய்ந்த திட்டுகள் உண்டானதையும் டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு நிபந்தனை, விழித்திரையில் உயிருள்ள செல் போதிய அளவு மிச்சம் இருக்க வேண்டும். பயிர் கருகிய பிறகு மேட்டூரைத் திறந்து என்ன செய்வது?

விலைக்கு வருவோம். அறிமுகமானபோது கண் ஒன்றுக்கு 4,25,000 டாலர். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ரூபாயில் ஏழு கோடியைத் தாண்டும். நம் ஐந்து லட்சம் இதற்கு முன்பணமாகக்கூட ஆகாது. ஆகவே, உங்கள் பிள்ளைக்கு ஆர்.பி.இ.65 என்று பரிசோதனையில் உறுதியாகாத வரை, இந்த மருந்தைப் பற்றி வரும் காணொளிகளைப் பார்த்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உறுதியானால் கதை வேறு. அப்போது காலம் தாழ்த்தாமல் பெரிய விழித்திரை மையத்தில் கேட்க வேண்டும். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம், நன்கொடை என்று அலைவதற்கும் அர்த்தம் உண்டு.

விலை என்றைக்கும் இப்படியே நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. 2001இல் பார்வையில்லாத நாய்களுக்கு இதே மரபணுவைச் செலுத்திப் பார்வை வரவழைத்ததாகச் செய்தி வந்தபோது, பதினாறு ஆண்டுகளில் அது மனிதருக்கான மருந்தாகும் என்று பந்தயம் கட்டியவர்கள் குறைவுதான். நம் வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபீலியா என்ற இரத்தம் உறையாத நோய்க்கு மரபணு சிகிச்சை பெற்ற ஐந்து பேரின் ஆய்வு முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. கண்ணுக்கும் இங்கேயே வரும் நாளை எதிர்பார்ப்பது மூடநம்பிக்கை ஆகாது. ஆனால் எதிர்பார்ப்பை மூலதனமாக வைத்து நிலத்தை விற்கக் கூடாது.

ஆய்வில் சேர்வது

அடுத்த வழி, சோதனைக் கட்டத்தில் இருக்கும் சிகிச்சை ஆய்வில் சேர்வது. முறையான ஆய்வில் மருந்துக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் கேட்கிறார்கள் என்றாலே வாசலோடு திரும்பிவிடலாம். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள்; இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்து வந்து, படித்தவர் ஒருவரை உட்கார வைத்துப் படியுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்தும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

செலவு இல்லை என்பதால் நஷ்டம் இல்லை என்று பொருளாகாது. முதல் கட்ட ஆய்வு ஆபத்து உண்டா என்று பார்ப்பதற்கே நடக்கிறது. உங்களைக் குணமாக்குவது அதன் முதல் நோக்கம் இல்லை. பெரிய ஆய்வுகளும் கவிழ்ந்திருக்கின்றன. கோராய்டெரிமியா என்ற நோய்க்கான மரபணு மருந்து 2021இல் மூன்றாம் கட்டத்தில் இலக்கை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளைத் தாக்கும் ஆர்.பி.ஜி.ஆர். மரபணுவுக்கான மருந்து ஒன்றும் 2025இல் அப்படியே ஆனது. இரண்டுமே முந்தைய கட்டங்களில் நம்பிக்கை தந்தவை. மரபணுவைக் கத்தரித்துத் திருத்தும் கிரிஸ்பர் முறையை 2020இல் முதன்முதலாக ஒரு மனிதரின் கண்ணுக்குள்ளேயே செய்து பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவில் 14 பேரில் 11 பேருக்கு ஏதாவது ஓர் அளவீட்டிலாவது முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்த நிறுவனம் அதற்கு முன்பே, 2022இல், கூட்டாளி கிடைத்தால்தான் மேலே நடத்துவோம் என்று நிறுத்தி வைத்துவிட்டது. அந்தச் சிகிச்சை குறிவைத்த மரபணு மாற்றம் உள்ள நோயாளிகள் மிகச் சிலரே என்பதுதான் சிக்கல்.

நிறுவனம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்கஸ் என்ற மின் விழித்திரை சாட்சி. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலகம் முழுவதும் 350 பேருக்கு மேல் கண்ணில் பொருத்திக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் நிறுவனம் அதைத் தயாரிப்பதையே விட்டுவிட்டது. பழுது பார்க்க ஆளில்லாத கருவி கண்ணுக்குள் கிடக்கிறது. ஆய்வில் சேருமுன், "நீங்கள் கடையை மூடினால் என் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வழி அடைபடுவது என்று முன்னே சொன்னது இங்கேதான். ஒரு முறை ஏ.ஏ.வி. மருந்து ஏற்றிக்கொண்டவருக்கு அந்த வைரஸை எதிர்க்கும் சக்தி உடலில் உண்டாகலாம். அதோடு, ஏற்கெனவே மரபணு சிகிச்சையோ செல் சிகிச்சையோ பெற்ற கண்ணைப் பெரும்பாலான ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. இன்று ஒரு முதல் கட்ட ஆய்வில் சேர்ந்தால், நாளை அதே மரபணுவுக்குச் சிறந்த மருந்து வரும்போது வெளியே நிற்க நேரிடலாம். பார்வை வேகமாகக் குறைகிறவர் இந்த விலையைக் கொடுக்கலாம். மெதுவாகக் குறைகிறவர் யோசிக்க வேண்டும்.

எல்லா மரபணுவையும் வைரஸில் ஏற்றிவிடவும் முடியாது. ஏ.ஏ.வி. சுமக்கும் அளவு சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்து. ஸ்டார்கார்டின் ஏ.பி.சி.ஏ.4 மரபணுவுக்கு ஏறத்தாழ 6,800 எழுத்து வேண்டும். அஷர் நோயின் யு.எஸ்.எச்.2ஏ மரபணுவுக்கு 15,000க்கும் மேல். இந்தக் குடும்பங்களுக்கு மருந்து தாமதமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டாகப் பிரித்து ஏற்றுவது போன்ற வேலைகள் ஆய்வகங்களில் நடக்கின்றன.

மரபணு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற வகை ஒன்று உண்டு. பார்வை முழுக்கப் போனவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒளி வாங்கும் செல்கள் செத்துவிட்டாலும் விழித்திரையின் உள்ளடுக்குச் செல்கள் பல ஆண்டுகள் இருக்கின்றன. பாசி போன்ற நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த, ஒளி பட்டால் தூண்டப்படும் புரதத்தின் மரபணுவை அந்தச் செல்களில் ஏற்றுகிறார்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வை போய்ப் பல ஆண்டுகளான 58 வயது நோயாளி, சிறப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு மேசைமேல் இருந்த பொருள்களைக் கண்டு எண்ணினார். முகம் தெரியவில்லை, எழுத்து தெரியவில்லை. ஆனாலும் வெறும் வெளிச்சம் மட்டும் தெரிந்த நிலையிலிருந்து அது பெரிய தாவல். ஓ.சி.யு.400 என்ற இன்னொரு மருந்து, பல மரபணுக்களை மேய்க்கும் ஒரு மரபணுவைச் செலுத்திப் பார்க்கிறது. 2024இல் மூன்றாம் கட்டத்துக்கு வந்தது. ஆகவே, செல்கள் செத்தால் எல்லாம் முடிந்தது என்று நான் மேலே சொன்னதை, ஆர்.பி.இ.65 போன்ற மரபணு மாற்று மருந்துகளுக்கு மட்டும் பொருத்திப் பாருங்கள்.

ஸ்டெம் செல் பேக்கேஜ்

இதைப் பற்றிக் கோபம் இல்லாமல் எழுத எனக்கு வராது. அக்கா வீட்டுக்கே ஒருவர் வந்தார். கையில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், சிகிச்சைக்கான வண்ணக் கையேடு. மூன்று ஊசி, ஆறு மாதம், தவணையில் கட்டலாம், "எண்பது சதவீதம் பார்வை உறுதி." எந்த மரபணு என்று கேட்டேன். "எல்லாவற்றுக்கும் இதே சார்" என்றார். பையனுக்கு எடுத்த ஸ்கேனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விழுந்த முன்பணம் திரும்பி வராத குடும்பங்களை அதற்குப் பிறகு சந்தித்திருக்கிறேன்.

2017இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த செய்தி இது: ஃப்ளோரிடாவில் ஒரு கிளினிக்கில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை இரண்டு கண்ணிலும் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை கடுமையாகப் பறிபோனது. அவர்களுக்கு இருந்தது வயதானவர்களுக்கு வரும் விழித்திரைத் தேய்வு. அவர்களிடமும் பணம் வாங்கியிருந்தார்கள். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை தவிர்த்து, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. நேர்மையான ஸ்டெம் செல் ஆய்வுகள் உலகில் நடக்கின்றன; அவை தவணைத் திட்டத்தோடு வீடு தேடி வருவதில்லை.

இந்தப் பணத்துக்குச் சமயபுரத்தில் வெள்ளிக் கண்மலர் சாத்தலாம். அதனால் கண்ணுக்குக் கெடுதி வராது. திருவாரூர்க்காரர்களுக்குத் தண்டியடிகள் கதை தெரியும். கமலாலயக் குளத்தைத் தூர் எடுத்த பார்வையற்ற நாயனார் அவர். வேண்டுதலை நான் குறை சொல்லமாட்டேன். பக்தியோடு வருகிறவரின் அவசரத்தை விலை பேசுகிறவனைத்தான் குறை சொல்கிறேன்.

இரத்தப் பரிசோதனை

ஆர்வம் தராத, ஆனால் எல்லாவற்றுக்கும் சாவியான செலவு இது. கொஞ்சம் இரத்தம் எடுத்து, விழித்திரை நோய்க்கான மரபணுக்களை மொத்தமாகப் படிக்கிறார்கள். செலவு ஆயிரங்களில்தான் இருக்கும், லட்சங்களுக்குப் போகாது. முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் கண் மரபணுவுக்கென்றே ஆராய்ச்சிப் பிரிவுகள் இருக்கின்றன. ஊரிலிருந்தே இரத்தத்தை அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் முடிவை விளக்க மரபணு ஆலோசகரோ விழித்திரை டாக்டரோ இல்லாமல் வெறும் காகிதத்தை வாங்காதீர்கள்.

பரிசோதனை மூன்று விதமாகப் பதில் சொல்லும். பழுது இன்னதென்று தெளிவாக வரலாம். "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வரலாம். ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்; மூன்றில் ஒரு பங்கு வரை குடும்பங்களுக்கு இப்படி ஆகிறது. இரண்டாவது வகையில் மனம் தளர வேண்டாம். அப்பா, அம்மா இரத்தத்தையும் பார்த்தால் பல சமயம் குழப்பம் தீரும். அறிவு வளர வளர அதே பழைய விவரத்தை மறுபடி அலசி விடை சொல்ல முடியும் என்பதால், மூல விவரக் கோப்பையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

சிகிச்சை இல்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஆய்வில் சேர்க்க முதலில் கேட்பதே இந்தக் காகிதத்தைத்தான் என்பது ஒரு பதில். வைட்டமின் ஏ கெடுதியா இல்லையா என்பதற்கும் இதுதான் பதில். சில அரிய வகைகளுக்கு இன்றைக்கே வைத்தியம் இருக்கிறது என்பது யாரும் சொல்லாத பதில். வைட்டமின் ஈ உடலில் சேராததால் வருகிற வகை, குறிப்பிட்ட கொழுப்பு அமிலம் தேங்குவதால் வரும் ரெஃப்சம் நோய், சிலருக்கு வைட்டமின் பி6க்குக் கட்டுப்படும் கைரேட் அட்ரோஃபி ஆகியவற்றில் மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் பலன் தரும். வாய்ப்பு குறைவுதான். ஆனால் அந்த ஒருவர் உங்கள் பிள்ளையாக இருந்து, பார்க்காமல் விட்டுவிட்டால்?

ஊரிலேயே கிடைப்பது

"ஒன்றும் செய்ய முடியாது" என்று அனுப்பிவிடுவது தவறு என்று சொல்லக் காரணம் உண்டு. ஆர்.பி. உள்ளவர்களுக்கு நடு விழித்திரையில் நீர் கோத்துப் பார்வை மங்குவது சகஜம். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் தெரியும். மாத்திரை அல்லது சொட்டு மருந்தில் பலருக்குக் குறையும். சின்ன வயதிலேயே கண்புரையும் வரும். எடுத்தால் மிச்சமிருக்கும் பார்வை தெளியும். நோய்தான் முற்றுகிறது என்று நினைத்து இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஓ.சி.டி.யும் பக்கப் பார்வை அளவும் எடுப்பது, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய்வரும் பஸ் செலவோடு முடிகிற காரியம்.

பக்கப் பார்வை அளவுக்கு இன்னொரு பயன் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 எழுத்துப் பார்வையை மட்டும் பார்ப்பதில்லை. பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைபார்வை. 10 டிகிரிக்குக் கீழே போனால், பலகையில் கடைசி வரி வரை படித்தாலும், சட்டப்படி பார்வையற்றவர். இது தெரியாமல் "கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. புல அளவு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவக் குழுவின் முன் போங்கள். தனித்துவ அடையாள அட்டை இருந்தால் அரசு வேலையில் இட ஒதுக்கீடு, தேர்வில் கூடுதல் நேரம், பயணச் சலுகை எல்லாம் அதன் பின்னால் வரும். வெள்ளைக் கோல் பிடிக்கவும் திரை வாசிக்கும் வசதியோடு செல்போன் இயக்கவும் பார்வை மிச்சமிருக்கும்போதே பழகிக்கொள்வது எளிது. அக்கா மகன் முதலில் கோலைத் தொடவே மாட்டேன் என்றான். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஒரு சாயங்காலம் கூட்டத்தில் இடிபட்ட பிறகு அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

யாருக்கு எது

கைக்குழந்தை பொம்மையைப் பார்ப்பதில்லை, கண்ணைக் கைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்கிறது, கருவிழி ஓயாமல் ஆடுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் பெரிய மையத்துக்குப் போய்ப் பரிசோதனை செய்யுங்கள். ஆர்.பி.இ.65 காரர்கள் இருப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான். செல் மிச்சமிருப்பதும் இந்த வயதில்தான்.

பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் ஆர்.பி. உள்ளவர்களுக்கும் பரிசோதனைதான் முதல் செலவு. கூடவே ஆண்டு ஸ்கேன், அடையாள அட்டை. மீதிப் பணத்தைப் படிப்பிலோ, வெளிச்சம் குறைந்தாலும் செய்யக்கூடிய தொழிலிலோ போடச் சொல்வேன். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடப் போகும் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஆய்வு வந்தால் மரபணு, கட்டம், பதிவு எண் மூன்றையும் பார்த்து முடிவெடுங்கள்.

ஐம்பதைத் தாண்டி, வெளிச்சம் மட்டும் தெரிகிற நிலையில் இருப்பவருக்கு அவருக்காக மட்டும் பரிசோதனை செய்வதை நான் வற்புறுத்தமாட்டேன். நடமாட்டப் பயிற்சியிலும் பேசும் செல்போனிலும் அந்தப் பணம் நாள்தோறும் பயன்படும். ஆனால் அவருடைய பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால், முதலில் இரத்தம் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.

கல்யாணத்தில் வந்து நின்றாயிற்று, சொல்லிவிடுகிறேன். சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்று எல்லாக் குடும்பத்தையும் பழிப்பது சரியில்லை. தாய்வழியில் பெரும்பாலும் மகன்களுக்கு வரும் வகையும், பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வரும் வகையும் இருக்கின்றன. ஆனால் இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் வகை என்று பரிசோதனை சொன்னால் கணக்கு மாறும். நோயுள்ள பெண்ணைத் தாய்மாமனுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகனுக்குக் கொடுத்தால் எட்டில் ஒன்று. பெற்றோரும் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் இன்னும் கூடலாம். வெளியில் கொடுத்தால் மிகமிகக் குறைவு. நோயில்லாத தங்கைக்கும் அந்தப் பழுதில் ஒரு பிரதி இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவள் மாமன் மகனை மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபத்து நான்கில் ஒன்று என்ற அளவில் ஆபத்து நிற்கும். மாமன் மகனுக்கும் பரிசோதித்து, அவனிடம் பழுது இல்லை என்றால் அந்த ஆபத்து அநேகமாக இல்லாமல் போகும்.

அண்ணனின் பழுது எந்த மரபணுவில் எந்த எழுத்தில் என்று தெரிந்துவிட்டால், தங்கைக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். முழுப் பரிசோதனையைவிடச் செலவு வெகு குறைவு. அவள் பதினெட்டு நிறைந்தவள் என்றால் ஒப்புதலும் அவளுடையது, அறிக்கையும் அவளுடையது. உறை வந்ததும் கூடத்தில் பத்துப் பேர் முன்னால் பிரிக்காமல், முதலில் அவள் கையில் கொடுங்கள்.